ஒருவர் நிறுத்தினால் உலகம் குளிருமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

நெருப்பை மூட்டக் கற்ற நாளில் மனிதன் மற்ற உயிரினங்களிலிருந்து வேறுபட்டான். நிலக்கரியை எரித்து நீராவி எந்திரத்தை ஓட்டக் கற்ற நாளில் அவன் குதிரையையும் காற்றையும் முந்தினான். ஆனால் தான் மூட்டிய நெருப்பின் புகை எங்கே போய்ச் சேர்கிறது என்று அவன் நெடுங்காலம் அண்ணாந்து பார்க்கவில்லை. இன்று பார்த்தே தீர வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. கோடை நீளுகிறது, மழை பருவம் தவறுகிறது, கடல் உயருகிறது. இவற்றுக்கு முதற்காரணம் மனிதனே என்பதில் விஞ்ஞானிகளுக்கு இன்று ஐயமில்லை.

ஐயம் வேறோர் இடத்தில் இருக்கிறது. தேநீர்க் கடையிலும் கேட்கிறோம், வகுப்பறையிலும் கேட்கிறோம்: "நான் ஒருவன் விளக்கை அணைத்துவிட்டால் உலகம் குளிர்ந்துவிடுமா?" இன்னும் சற்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள்: "அமெரிக்காவும் சீனாவும் புகையைக் கக்கிக்கொண்டிருக்கும்போது இந்தியா குறைத்து என்ன பயன்?" முதற்கேள்வி தனிமனிதனைப் பற்றியது, இரண்டாவது கேள்வி நாட்டைப் பற்றியது. இரண்டும் நியாயமான கேள்விகளே. கேட்பவரைக் கடிந்துகொள்வதைவிடக் கணக்குப் போட்டு விடை காண்பதே அறிவியல் மாணவனுக்கு அழகு. அதற்கு ஒரு முயற்சியே இக்கட்டுரை.

போர்வை கனத்த கதை

கதிரவனின் ஒளி புவியைச் சூடாக்குகிறது. சூடான புவி அவ்வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. காற்றில் உள்ள கரியமிலவாயு, நீராவி போன்றவை அக்கதிர்களில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இதை 1859-ஆம் ஆண்டில் ஜான் டிண்டால் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். கரியமிலவாயு பெருகினால் புவி எவ்வளவு சூடாகும் என்று 1896-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் கையாலேயே கணக்கிட்டார்.

1958-ஆம் ஆண்டு முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது சார்லஸ் கீலிங் இவ்வாயுவை முறையாக அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் அது ஏறத்தாழ 280 பங்கே. 2024-இல் சராசரி 420-ஐத் தாண்டிவிட்டது. புவியின் போர்வை கனத்துவிட்டது! அதே 2024-ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை, 1850-1900 காலத்துச் சராசரியைவிட ஏறத்தாழ 1.55 பாகை செல்சியஸ் மிகுந்திருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

சிறுதுளியின் கணக்கு

"சிறுதுளி பெருவெள்ளம்" என்பது நம் பழமொழி. கரியமிலவாயுவைப் பொறுத்தவரை இப்பழமொழி ஓர் இயற்பியல் விதியாகவே நிற்கிறது. இதுவரை வெளியிட்ட மொத்தக் கரியமிலவாயுவுக்கும் வெப்பநிலை உயர்வுக்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ ஒரு நேர்கோடு. ஐக்கிய நாடுகளின் காலநிலை விஞ்ஞானிகள் குழு 2021-இல் தந்த மதிப்பீட்டின்படி, ஒரு லட்சம் கோடி டன் கரியமிலவாயு வெளியேறினால் உலகம் சுமார் 0.45 பாகை சூடாகும்.

நேர்கோட்டின் பொருளைச் சற்றுச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். முதல் டன்னும் கடைசி டன்னும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதே அதன் பொருள். "இந்த அளவுக்குக் கீழே இருந்தால் கேடில்லை, இதைத் தாண்டிவிட்டால் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று அக்கோட்டில் ஓரிடத்தையும் காட்ட முடியாது. ஆதலால் "என் பங்கு சிறிது" என்று கூறலாம். "என் பங்கு சுழி" என்று கூற இயலாது.

சரி, அந்தச் சிறிய பங்கைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். டிர்க் நோட்ஸ், ஜூலியன் ஸ்ட்ரோவ் என்னும் இரு விஞ்ஞானிகள் வடதுருவக் கடற்பனியின் அளவீடுகளை உலகின் கரியமிலவாயுக் கணக்கோடு ஒப்பிட்டு 2016-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரு டன் கரியமிலவாயு வெளியேறினால், செப்டம்பர் மாதத்துக் கடற்பனியில் ஏறத்தாழ 3 சதுர மீட்டர் மறைகிறது! ஒரு பெரிய பாயை விரித்த அளவு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியர் ஒருவரின் பங்கு ஆண்டுக்குச் சராசரியாக 2 டன் அளவில் உள்ளது. அதாவது இரண்டு பாய். சீனர் ஒருவருக்கு 8 டன்னுக்கு மேல். அமெரிக்கர் ஒருவருக்கு ஏறத்தாழ 14 டன். நாம் யாரும் பார்த்திராத கடலில் நம் பெயருக்கும் ஒரு கணக்கு எழுதப்பட்டு வருகிறது.

"நம் பங்கு எவ்வளவு?"

இனி நாட்டைப் பற்றிய கேள்விக்கு வருவோம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்டு ஆகியவற்றால் உலகம் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமிலவாயு சுமார் 3,700 கோடி டன். இதில் சீனாவின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவின் பங்கு நூற்றுக்கு 13 அளவு. இந்தியாவின் பங்கு 8 அளவு. ஐரோப்பிய ஒன்றியம் அதற்குச் சற்றுக் கீழே. இவற்றோடு ரஷ்யாவையும் ஜப்பானையும் நீக்கிவிட்டால், மிஞ்சும் நாடுகள் ஒவ்வொன்றின் பங்கும் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டோ அதற்குக் குறைவோதான். "எங்கள் பங்கு இரண்டே, நாங்கள் குறைத்து என்ன ஆகும்?" என்று அவை ஒவ்வொன்றும் கேட்கலாம். ஆனால் அவற்றையெல்லாம் கூட்டினால் உலகப் புகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! சீனாவுக்கு நிகரான ஒரு வல்லரசு அங்கே மறைந்திருக்கிறது. சிறியவர்கள் அனைவரும் ஒதுங்கிக்கொண்டால் பெரியவர்கள் திருந்தியும் பயனில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இக்கணக்கில் நீதி பற்றிய கேள்வியும் அடங்கியிருக்கிறது. கரியமிலவாயு ஓராண்டில் கரைந்து போவதில்லை. வெளியேறியதில் ஏறத்தாழ பாதியைக் கடலும் காடும் உறிஞ்சிக்கொள்ள, எஞ்சியதில் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே தங்குகிறது. எனவே இன்று யார் விடுகிறார்கள் என்பதோடு, இதுவரை யார் விட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தொழிற்புரட்சி முதல் இன்றுவரை சேர்ந்த மொத்தத்தில் அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. உலக மக்களில் ஆறில் ஒருவருக்கு மேல் வாழும் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு.

இக்கல்லூரியில் பயிலும் நம்மில் பலர் தத்தம் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நம் வீடுகளில் விறகடுப்புப் புகை ஓய்ந்து எரிவாயு அடுப்பு வந்தது அண்மைக் காலத்தில்தான். குளிர்பதனப் பெட்டி இன்னும் பல வீடுகளுக்கு வரவில்லை. வயலிலும் கட்டடத்திலும் வெயிலைத் தாங்கி நம்மைப் படிக்க அனுப்பியவர்களிடம் போய், "உங்கள் மின்விசிறியை நிறுத்துங்கள், உலகம் சூடாகிறது" என்று சொல்வது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது. முதலில் குறைக்க வேண்டியவர்கள் மிகுதியாக எரிப்பவர்களே. அவர்கள் வேறு நாடுகளில் மட்டும் இல்லை. நம் நாட்டின் நகரங்களிலும் இருக்கிறார்கள். ஆயினும் வெயிலில் நிற்பவர்கள் யார்? ஏழைகளே. யார் தொடங்க வேண்டும் என்ற வழக்கு முடியும்வரை வெப்பம் காத்திருக்கப் போவதில்லை.

வானத்து ஓட்டையை அடைத்த உடன்படிக்கை

"உலக நாடுகள் ஒன்றுகூடி எதையாவது சாதித்ததுண்டா?" என்று கேட்பவர்களுக்கு ஓசோன் கதையை எடுத்துக் கூறலாம்.

1974-இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்னும் இரு வேதியியல் அறிஞர்கள் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். குளிர்பதனப் பெட்டிகளிலும் வாசனைத் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோ புளோரோ கார்பன்கள் மேலே சென்று, புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்றனர். செய்தியைப் படித்த அமெரிக்க மக்களில் பலர் அத்தெளிப்பான்களை வாங்குவதை நிறுத்தினர். சட்டம் வருமுன்பே விற்பனை சரிந்தது. 1978-இல் அமெரிக்க அரசு அவ்வகைத் தெளிப்பான்களுக்குத் தடை விதித்தது. 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டறிந்தனர். 1987 செப்டம்பர் 16-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

தொடக்கத்தில் கையெழுத்திட்டவை இருபதுக்குச் சற்று மேற்பட்ட நாடுகளே. இந்தியாவும் சீனாவும் அப்போது சேரவில்லை. "நீங்கள் கெடுத்ததற்கு நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்பதே கேள்வி. அது சரியான கேள்வி என்பதால், வளரும் நாடுகளுக்கு உதவ 1990-இல் ஒரு பொதுநிதி ஏற்படுத்தப்பட்டது. 1992-இல் இந்தியா சேர்ந்தது. இன்று உலகின் எல்லா நாடுகளும் அதில் உறுப்பினர்கள். ஓசோனைக் கெடுக்கும் பொருள்களில் நூற்றுக்கு 98-க்கு மேல் ஒழிந்துவிட்டன. அண்டார்டிகாவின் மேலுள்ள ஓசோன் 2066-ஆம் ஆண்டளவில் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்பது 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு. அப்பொருள்கள் வெப்பத்தையும் கடுமையாகப் பிடித்து வைப்பவை. ஆகவே இவ்வுடன்படிக்கையால் புவி வெப்பமடைவதும் ஓரளவு தடுக்கப்பட்டது.

இக்கதையில் எந்த முயற்சி பயன் தந்தது? மக்களின் மறுப்பு அரசுக்குத் துணிவு தந்தது; அரசின் தடை தொழிற்சாலைகளை மாற்றுப்பொருள் தேட வைத்தது; மாற்றுப்பொருள் கிடைத்ததும் பிற நாடுகளுக்கு வழி எளிதாயிற்று. நிலக்கரியும் எண்ணெயும் இதைவிடப் பெரிய சிக்கல் என்பது உண்மையே. குளோரோ புளோரோ கார்பன் சில தொழிற்சாலைகளில் பிறந்தது. நிலக்கரியோ நம் வாழ்க்கையின் எல்லா மூலைகளிலும் புகுந்திருக்கிறது. ஆயினும் ஏறும் வழி ஒன்றே. இங்கே படிகள் அதிகம்.

முதலில் வாங்கியவர் செய்த உதவி

ஒரு நாட்டின் முயற்சி அதன் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. இதற்குச் சிறந்த சான்று சூரிய மின்பலகை. 1976-இல் ஒரு வாட் ஆற்றல் தரும் பலகைக்கு, இன்றைய மதிப்பில், நூறு டாலருக்கு மேல் ஆயிற்று. உற்பத்தி ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துகொண்டே வந்தது. ஆனால் விலை அதிகமாயிருக்கும்போது வாங்க ஒருவர் வேண்டுமே! 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனி ஒரு சட்டம் செய்தது. சூரிய ஒளியில் மின்சாரம் எடுப்போருக்கு இருபது ஆண்டுகளுக்கு நல்ல விலை உறுதி என்றது. அந்நாட்டு மக்கள் தங்கள் மின்கட்டணத்தில் அச்சுமையை ஏற்றனர். தேவை பெருகியது, சீனாவில் பெரும் தொழிற்சாலைகள் எழுந்தன, 2019-இல் ஒரு வாட்டின் விலை அரை டாலருக்கும் கீழே வந்துவிட்டது.

உலகப் புகையில் ஜெர்மனியின் பங்கு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. "எங்கள் பங்கு சிறிது" என்று அது சும்மா இருந்திருக்கலாம். அது குறைத்த சொந்தப் புகையைவிட, அது இறக்கி வைத்த விலையே உலகுக்குப் பேருதவி. இன்று இராஜஸ்தான் பாலைவனத்திலும் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியிலும் சூரிய மின்பலகைகள் வரிசை வரிசையாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 2014 ஜனவரியில் மத்திய அரசின் நிறுவனம் ஓர் எல்.இ.டி. விளக்கை வாங்கிய விலை 310 ரூபாய். கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கி மக்களுக்கு விற்கும் திட்டத்தால் 2016-இல் அது 38 ரூபாயாக இறங்கியது. 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் இத்திட்டத்தில் வழங்கப்பட்டன. இப்போது கணக்கைப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் விளக்கை மாட்டினால், நாளுக்கு ஐந்து மணி நேரத்தில் ஆண்டுக்குச் சுமார் 93 யூனிட் மிச்சம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. ஆகவே ஒரு விளக்குக்கு 65 கிலோ மிச்சம். வழங்கிய விளக்குகளில் பாதியே அவ்வாறு பயன்பட்டது என்று கொண்டாலும், ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் மிச்சமாகிறது. அதை மாட்டியவர் ஒவ்வொருவரும் தனிமனிதரே. விலையை இறக்கியது நாடு. இதில் எதைத் தனிமனித முயற்சி என்பது, எதைத் தேசிய முயற்சி என்பது?

தனிமனிதனின் எல்லை

தனிமனித முயற்சியைப் புகழ்ந்து பேசும்போது அதன் எல்லையையும் அறிந்திருப்பது நலம். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோயினால் உலகமே வீட்டுக்குள் அடங்கியது. சாலைகள் வெறிச்சோடின, விமானங்கள் தரையில் நின்றன. ஆனால் அவ்வாண்டில் உலகின் கரியமிலவாயு குறைந்தது நூற்றுக்கு ஐந்து அளவே! மீதி எங்கிருந்து வந்தது? மின்நிலையங்களிலிருந்தும் எஃகு, சிமெண்டு ஆலைகளிலிருந்தும் வந்தது. நாம் வீட்டில் முடங்கியிருந்தாலும் நம் விளக்குக்கு நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆசையை அடக்குவதால் மட்டும் இச்சிக்கல் தீராது; எந்திரமே மாற வேண்டும் என்பது அவ்வாண்டு கற்பித்த பாடம்.

எந்திரத்தை மாற்ற அரசுகளால் முடியும். 1882-இல் இலண்டனில் நிலக்கரி மின்நிலையத்தைத் தொடங்கிய பிரிட்டன், 2012-இல் கூடத் தன் மின்சாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பதை நிலக்கரியிலிருந்தே எடுத்தது. 2024 செப்டம்பர் 30-இல் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிட்டது. பன்னிரண்டே ஆண்டுகள்! எந்தக் குடிமகனும் தன் வீட்டு விளக்கை அணைத்து இதைச் சாதித்திருக்க முடியாது.

"கார்பன் காலடித்தடம்" என்ற சொல்லைப் பொதுமக்களிடையே விளம்பரம் செய்து பரப்பியதில் பி.பி. என்னும் பெரும் எண்ணெய் நிறுவனத்துக்கும் பங்குண்டு என்பதை நாம் மறக்கலாகாது. ஒவ்வொருவரும் தத்தம் காலடியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், எண்ணெய்க் கிணற்றை நிமிர்ந்து பார்ப்பவர் யார்?

எது பெரிது, எது சிறிது?

ஆகையால் தனிமனித முயற்சியிலும் அளவறிந்து செய்ய வேண்டும். ஒரு கைப்பேசிக்கு ஓராண்டு முழுவதும் ஏற்றும் மின்சாரம் ஏழு யூனிட் அளவே. ஒரு குளிர்சாதன எந்திரம் அதை ஒரே இரவில் தீர்த்துவிடும். எனவே முன்னதற்கு வருந்திப் பின்னதை மறப்பது, கடுகு சிந்தியதற்கு அழுது மூட்டை போனதைக் கவனிக்காதது போலாகும்.

மாணவர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு பேருந்து. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் ஐம்பது பேர் சென்றால், ஒருவருக்குக் கிலோமீட்டருக்கு 11 கிராம். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளில் தனியாகச் சென்றால் 46 கிராம். நான்கு மடங்கு! ஆனால் காலை எட்டு மணிக்குப் பேருந்து வந்தால்தானே ஏற முடியும்? ஏற விரும்புவது தனிமனிதனின் முயற்சி. நேரத்துக்குப் பேருந்தை விடுவது அரசின் முயற்சி. பேருந்து வேண்டுமென்று ஊரார் கூடி மனுக் கொடுப்பதும் காலநிலையைக் காக்கும் முயற்சியே. நம்மில் பலர் நாளை ஆசிரியராகவோ, மின்வாரியப் பொறியாளராகவோ, ஊராட்சி அலுவலராகவோ ஆகப்போகிறோம். பள்ளிக் கூரையில் சூரிய மின்பலகை வைப்பதா, எந்தச் சாலையில் மரம் வெட்டாமல் விடுவது என்பன போன்ற முடிவுகள் நம் மேசைக்கு வரும். வீட்டில் நாம் அணைக்கும் விளக்கைவிட அன்று நாம் இடும் கையெழுத்துக்கு வலிமை மிகுதி.

தோற்றுவிட்டோமா?

2015-இல் பாரிஸ் உடன்படிக்கை உருவானபோது, அன்றைய போக்கில் சென்றால் இந்நூற்றாண்டின் முடிவில் வெப்பம் ஏறத்தாழ மூன்றரைப் பாகை உயரும் என்று கணக்கிடப்பட்டது. இன்றைய கொள்கைகளின்படி அது மூன்று பாகைக்குக் கீழே வந்திருக்கிறது. இடையில் பின்னடைவுகளும் உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்கா இரண்டாம் முறையாக இவ்வுடன்படிக்கையிலிருந்து விலக ஆணையிட்டது. ஆனால் அதே 2025-இல் இந்தியா, நிலக்கரி முதலியவற்றைச் சாராத மின் உற்பத்தித் திறனை மொத்தத்தில் பாதியாக்கும் இலக்கை, குறித்த காலத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே எட்டியது. திறன் பாதியானாலும் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. செல்ல வேண்டிய தூரம் அதிகம். ஆனால் நடக்கத் தொடங்கிவிட்டோம்.

"ஒன்றரைப் பாகை தாண்டப் போகிறது, இனி என்ன செய்து என்ன?" என்பாரும் உளர். நேர்கோட்டை அவர்கள் மறந்துவிட்டார்கள். ஒன்றரைப் பாகை உயர்ந்தால் உலகின் பவளப் பாறைகளில் நூற்றுக்கு 70 முதல் 90 வரை அழியும் என்றும், இரண்டு பாகை உயர்ந்தால் 99-க்கு மேல் அழியும் என்றும் காலநிலை விஞ்ஞானிகள் குழு கூறுகிறது. அந்த அரைப் பாகையில்தான், நம் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் நம் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சுமா, படத்தில் மட்டும் இருக்குமா என்பது அடங்கியிருக்கிறது.

சுருங்கக் கூறின், ஒருவர் நிறுத்தினால் உலகம் குளிராது. அவர் நிறுத்திய அளவுக்குச் சூடாகாமல் இருக்கும், அவ்வளவே. ஆனால் அந்த ஒருவர் பேருந்து கேட்டு மனுக் கொடுப்பவராகவும், வாக்களிக்கும்போது இதையும் எண்ணிப் பார்ப்பவராகவும், தமக்கு வாய்த்த பதவியில் இதை மறவாதவராகவும் இருந்தால், அவர் ஒருவராக நிற்பதில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, "என் கை ஒன்று இல்லாவிட்டால் தேர் நின்றுவிடுமா?" என்று எவரும் கேட்பதில்லை. வடத்தைப் பிடிக்கிறோம்; தேர் நகர்கிறது. வெயில் ஏறுமுன் நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்போம்!